மூன்று புளியங்கொட்டை, ஒரு வேப்பங்கொட்டை

ஒன்றாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்று முகம் வாடிப்போய் என்னைப் பார்க்க வந்தீர்கள். பெரிய வகுப்பு எடுக்கிறவர்களுக்கு மரியாதை, நமக்கு மூக்குத் துடைத்துவிடுகிற வேலை என்று உங்களில் ஒருத்தி சொன்னாள்.  கிளம்பும்போது, "சின்னப் பிள்ளைகளுக்கு வரிசை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, அதை மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் எழுத எனக்கு வராது. வரிசை என்று தொடங்கினால் ஒரு பிள்ளையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நாலு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்துவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள். அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள், தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் இல்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் சின்ன வகுப்புக்குப் பெண் ஆசிரியை கிடைப்பது அரிது. அதனால் என்னைப் போன்ற பயிற்சி இல்லாதவளையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து, இந்த அம்மாள் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் மறுநாள் வேலை இல்லை. என் வீட்டுக்காரர் மதுரையில் பஞ்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இளைப்பு நோய் வந்து வீட்டோடு இருந்தார். என் வேலையை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது.

எனக்கு இயல்பிலேயே பயந்த சுபாவம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு ஒரு பர்லாங்கு நடந்த பிறகு, பூட்டினோமா என்று திரும்பி வருவேன். பக்கத்திலேயே கண்மாய் இருந்ததால் பிள்ளைகளை மூன்று தடவை எண்ணுவேன். இரண்டு தடவை சரியாக வந்துவிட்டால் மூன்றாவது தடவை தப்பாக வந்துவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம். பயந்தவர்கள் ஆசிரியர் வேலைக்கு வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை பயந்திருப்பது பயந்தவளுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் பயந்தவள் எந்த இடத்தில் சறுக்குவாள் என்பது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். கூரை போட்ட பள்ளிக்கூடம். தலைமையாசிரியரின் சொந்த இடம், மானேஜரும் அவரே. சர்க்கார் அதற்குக் கிராண்டு என்று உதவிப் பணம் கொடுத்து வந்தது. ஊரில் எல்லோரும் அவரை அய்யா என்பார்கள், நானும் அப்படியே சொல்லுவேன். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் தன் வீட்டுக் கூரைக்கு வைத்திருந்த கீற்றை எடுத்து வந்து தானே ஏறி வேய்வார்.

ஒன்றும் இரண்டும் சேர்ந்த என் வகுப்பில் பதினாறு பிள்ளைகள். பன்னிரண்டு பேர் ஊருக்குள் இருந்து வருகிறவர்கள், சொந்தமாகக் காடுகரை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள். நாலு பேர் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெரு. அந்தத் தெருக்காரர்கள் ஊராருடைய வயல்களில் கூலிக்குப் பாடுபட்டார்கள். அவர்கள் நட்டு அறுத்த நெல்லை ஊரார் சாப்பிட்டார்கள், அவர்களைத் தொட மாட்டார்கள். சர்க்கார் உத்தரவு இருந்ததால் அந்த நாலு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்து, வாசல் ஓரமாகத் தனியாக உட்கார வைத்தார்கள்.

இனி வரிசைக்கு வருகிறேன்.

முதல் வருஷம் நான் செய்தது முழுக்கத் தப்பு. புளியங்கொட்டை, கல், புளியங்கொட்டை, கல் என்று நான் தரையில் வைப்பேன். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பார்த்து நீட்டிக்கொண்டே போவார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போகும். எனக்குப் பெருமை தாங்காது. அவர்கள் முன்னால் இருப்பதைப் பார்த்துப் பின்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான், உள்ளுக்குள் ஒன்றும் ஏறவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு கோழி.

அன்றைக்குப் புளியங்கொட்டை போதவில்லை. சோளத்தை எடுத்து, இரண்டு சோளம் ஒரு கல், இரண்டு சோளம் ஒரு கல் என்று வைத்திருந்தோம். நான் வெளியே ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடப் போனேன். திரும்பி வருவதற்குள் ஒரே கூச்சல்.

"டீச்சர், அய்யா வீட்டுக் கோழி வரிசையத் தின்னுருச்சு!" என்றான் மொக்கராசு. ஊர்ப் பிள்ளைகளில் அவன்தான் வாயாடி.

"எம்புட்டுத் தின்னுச்சு?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? இனிக் கல்லு மட்டுந்தேன் கெடக்கு. கோழியத்தேன் கேக்கணும்."

வாசல் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "பத்துச் சோளம் டீச்சர்."

வீராயி. கண்மாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை. ஏழு வயது இருக்கும். தலைக்கு எண்ணெய் இல்லாமல் செம்பட்டை பாய்ந்து, ஆனால் கண் மட்டும் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும்.

மொக்கராசு விடவில்லை. "நீ என்ன, கோழி வயித்துக்குள்ள போயி எண்ணிப் பாத்தியாக்கும்?"

"வயித்த எதுக்குப் பாக்கணும்? கல்லப் பாத்தேன். அஞ்சு கல்லு தனியாக் கெடக்கு. ஒவ்வொரு கல்லுக்கு முன்னாடியும் ரெண்டு இருந்துச்சுல்ல?"

 கண்ணுக்கு முன்னால் இல்லாததை அவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து நான் வைத்துக் காட்டுவதோடு நிறுத்தவில்லை. வைப்பேன், கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுவேன், கலைத்துவிடுவேன். பிறகு கேட்பேன்: திரும்பித் திரும்பி வந்தது எது? எங்கே முடிந்து எங்கே மறுபடி ஆரம்பித்தது? அப்படித் திரும்பி வருகிற துண்டுக்குச் 'சுற்று' என்று பெயர் வைத்தோம். பிள்ளைகள் வாயில் அது 'சுத்து' ஆயிற்று. நீங்களும் இப்படியே செய்யுங்கள். நீட்டச் சொல்லாதீர்கள், சுற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கொட்டைகளோடு நிற்கவும் கூடாது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சுற்றுகளைத் தேடினோம். சிலேட்டில் எழுது, காட்டு, துடை. டிரில்லில் இரண்டு தடவை கைதட்டி ஒரு தடவை குதிப்பது. கூரையில் இரண்டு கீற்றுக்கு ஒரு கயிற்று முடிச்சு. ஒரு நாள் மொக்கராசு எழுந்து, "எங்கப்பா இருமுறதும் சுத்துதேன் டீச்சர். ரெண்டு இருமலு, ஒரு துப்பு" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சரிதான்டா" என்றேன். சரிதானே. அந்த வகுப்புக்கு நான் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். பக்கத்துப் பிள்ளை வைத்ததைப் பார்த்து வைக்கக் கூடாது, உன் கண்ணில் பட்டதை வைக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தை இப்போது சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து வாசலில் சின்ன வகுப்புக்கென்று மணல் பரப்பி அதன்மேல் ஒரு பானை. பக்கத்தில் ஒரு தகரக் குவளை. ஊர்ப் பிள்ளைகள் குவளையில் மொண்டு குடிப்பார்கள். அந்த நாலு பிள்ளைகளும் பானையையும் தொடக் கூடாது, குவளையையும் தொடக் கூடாது. எட்ட நின்று இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும், யாராவது மேலேயிருந்து ஊற்றுவார்கள். எல்லோரும் குடித்த பிறகுதான் அவர்கள் முறை. பல நாள் அதற்குள் பானை காலியாகியிருக்கும். சித்திரை வெயிலில் அந்தப் பிள்ளைகள் உதடு வெடித்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒரு வாரம் வார்த்தைகளைக் கோத்துப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் போனேன்.

"அய்யா, கடைசியில நின்னா அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணி மிஞ்ச மாட்டேங்குது. நடுவுல நடுவுல விட்டா..."

"குவளையத் தொடக் கூடாது, அம்புட்டுத்தான். நடுவுல நின்னா என்ன, கடைசியில நின்னா என்ன" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஊத்துறது யாரு?" என்றார்.

"நானே ஊத்துறேங்கய்யா."

"அப்பச் சரி தாயி. வம்பு வராமப் பாத்துக்க."

மூன்று ஊர்ப் பிள்ளைகள், பிறகு ஒரு கண்மாய்க்கரைப் பிள்ளை. மறுபடி மூன்று, மறுபடி ஒன்று. பன்னிரண்டு பேருக்கும் நாலு பேருக்கும் கணக்கு அச்சாக வந்தது. யாரும் தாகத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. நான் அதைப் பெரிய காரியமாக நினைத்தேன். நானே என் கையால் ஊற்றுகிறேன் என்பதில் எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. உங்களிடம் மறைக்க மாட்டேன்.

பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. புது இன்ஸ்பெக்டர். ஊரார் பிள்ளைகளையும் அந்தத் தெருப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக நடத்துகிறார்களா என்பதைக் கவனிக்கிறவர், வித்தியாசம் கண்டால் கிராண்டை நிறுத்த எழுதிவிடுவார் என்று பேச்சு. முந்தின நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு நாளு எல்லாத்தையும் கலந்து உக்கார வச்சிரு. பானையையும் குவளையையும் எங்க வீட்டுக்குள்ள தூக்கி வச்சிருவோம். அவரு இருக்கையில ஒரு பிள்ளையும் தண்ணின்னு கேக்கப்படாது."

"சரிங்கய்யா" என்றேன். கேட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குக் கவலை. வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் மதுரையிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார். கோட்டும் தலைப்பாகையும் போட்ட நடுவயதுக்காரர். அதட்டிப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பெரிய வகுப்புகளை முடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் வரிசைப் பாடத்தை நடத்தினேன். வைத்தேன், கலைத்தேன், சுற்றைக் கேட்டேன். பிள்ளைகள் டக்டக்கென்று சொன்னார்கள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"இது எந்தப் புத்தகத்தில் இருக்கும்மா?" என்றார்.

"புத்தகத்துல இல்லைங்க சார். கோழி சொல்லிக் கொடுத்துச்சு" என்று வாய்தவறி உளறிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். வாசலில் நின்ற தலைமையாசிரியருக்குக்கூட மூச்சு வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "உங்க பள்ளிக்கூடத்திலேயே திரும்பித் திரும்பி வருகிற ஒன்றை ஆளுக்கு ஒன்று வைத்துக் காட்டுங்கள், பார்ப்போம்."

பிள்ளைகள் குனிந்து வைக்க ஆரம்பித்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். மணி என்றது ஒன்று, டிரில் என்றது ஒன்று. மொக்கராசு தன் அப்பாவின் இருமலை விடாமல் வைத்திருந்தான். அவனுக்கும் இன்னொரு ஊர்ப் பிள்ளைக்கும் நடுவில், அந்த ஒரு நாளைக்கு மட்டும், வீராயி உட்கார்ந்திருந்தாள். மூன்று புளியங்கொட்டை, ஒரு வேப்பங்கொட்டை. மூன்று புளியங்கொட்டை, ஒரு வேப்பங்கொட்டை. நாலு சுற்று, இடைவெளி பிசகாமல்.

"இது என்ன பாப்பா?"

"தண்ணி குடிக்கிற சுத்து சார்."

"அப்படியா? சொல்லு பார்ப்போம்."

அவள் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "இது குவளை. இது குவளை. இது குவளை. இது கையி." கையி என்றபோது இரண்டு கையையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். "மறுபடி குவளை, குவளை, குவளை, கையி. இப்படி நாலு தடவ வரும் சார். எங்க டீச்சர்தான் ஊத்துவாக."

புகார் சொல்கிற குரல் இல்லை அது. கோழி தின்ற சோளத்தைச் சொன்ன அதே குரல். கண்ணில் பட்டதை வைத்திருந்தாள், சட்டப்படி.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வாசல் பக்கம் பார்த்தார். பானையை எடுத்துவிட்டோமே தவிர, அது உட்கார்ந்திருந்த மணல் இன்னும் ஈரமாக இருந்தது. அதிலிருந்து நாலு எட்டுத் தள்ளி இன்னொரு ஈரம், கையிலிருந்து ஒழுகி ஒழுகி மண் குழிந்த இடம். அவர் இரண்டையும் பார்த்ததை நான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் தலைமையாசிரியர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், மறுபடி எடுத்துத் தோளில் போட்டார்.

அவர் தலைமையாசிரியரைக் கேட்டிருக்கலாம். என்னைத்தான் கேட்டார், மெதுவாக. "சொல்லுங்கம்மா. இந்தப் பிள்ளை வைத்திருக்கிறது சரியா, தப்பா?"

பயந்தவளுக்கு ஒரு மூச்சு நேரத்தில் என்னென்ன தோன்றும் தெரியுமா? கிராண்டு நின்றுபோகும், பள்ளிக்கூடத்தை இழுத்து மூடுவார்கள், பதினாறு பிள்ளையும் தெருவில் நிற்கும், அந்த நாலு பிள்ளைகளின் அப்பன்மார்களை ஊரில் கட்டிவைத்து அடிப்பார்கள், நான் வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே என்னம்மா ஆச்சு என்று கேட்பார். அத்தனையும் வந்தது. கீழே உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது மட்டும் வரவில்லை.

"தப்பா வச்சிருக்கா சார்" என்றேன். "சின்னப் பிள்ளை. சுத்துன்னா என்னன்னு இன்னும் சரியாப் பிடிபடல."

சொன்னதோடு விட்டேனா? குனிந்து, அவள் வைத்திருந்ததைக் கையால் கலைத்தேன். ஒரு புளியங்கொட்டை ஒரு வேப்பங்கொட்டை, ஒரு புளியங்கொட்டை ஒரு வேப்பங்கொட்டை என்று நானே மாற்றி வைத்தேன். "இப்படி வரணும் வீராயி" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்டார். "டீச்சர் தப்பு என்கிறார்களே பாப்பா. நீ என்ன சொல்கிறாய்?"

அவள் நான் வைத்ததைப் பார்த்தாள். பிறகு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினாள். மூன்று விரல் மடக்கினாள், நிறுத்தினாள், மறுபடி முதலிலிருந்து மடக்கினாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வரிசை விஷயத்தில் டீச்சர் தப்புச் சொல்ல முடியும் என்பதே அவளுக்குத் தெரியாது. தன்னிடம்தான் தப்பைத் தேடினாள்.

"நாந்தான் தப்பா எண்ணிட்டேன் போல சார்" என்றாள்.

 அவர் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். வண்டி மறைந்ததும் தலைமையாசிரியர் என்னிடம் வந்து, "பொழச்சோம் தாயி" என்றார். ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கிராண்டு நிற்கவில்லை. நான் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம். வரிசைப் பாடத்தைப் பாராட்டியும் ஒரு வரி இருந்தது. உண்மையைச் சொல்ல இன்ஸ்பெக்டர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாரா, அல்லது நான் சொன்னதை நம்பிவிட்டாரா? எத்தனையோ தடவை யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரியவில்லை. நான் பயந்தது அத்தனையும் நடந்திருக்கலாம். ஒன்றுமே நடக்காமலும் போயிருக்கலாம்.

மறுநாள் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், அரைகுறையாகச் சொன்னால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. பானையும் குவளையும் பழைய இடத்துக்கே வந்தன. நான் தண்ணீர் வரிசையை மாற்றினேன். முதலில் ஐந்து பேர், பிறகு ஒருத்தி, பிறகு இரண்டு பேர், பிறகு இரண்டு பேர் என்று நாளுக்கு ஒரு மாதிரி நிற்க வைத்தேன். இன்னொரு தடவை எந்தப் பிள்ளை கண்ணிலும் சுற்று பட்டுவிடக் கூடாது என்பதற்காக. குவளையை மாற்றவில்லை. வரிசையைத்தான் மாற்றினேன்.

வீராயி பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அழவில்லை, கோபிக்கவில்லை. ஆனால் ஒரு கொட்டையை வைத்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அடுத்ததை வைப்பாள். மறுபடி முகம். முன்பெல்லாம் மளமளவென்று வைத்துவிட்டு, "முடிஞ்சுச்சு டீச்சர்" என்று கையைத் தட்டித் தூசி போக்குகிற பிள்ளை. இப்போது "சரியா டீச்சர், சரியா டீச்சர்" என்று கொட்டைக்கு ஒரு தடவை.

என் முகம் எப்போதும் கவலையில் சுருங்கிக் கிடக்கிற முகம். ராத்திரி முழுக்க இளைப்பில் வீட்டுக்காரர் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். மருந்து தீர்ந்துபோனது ஞாபகம் வரும், நெற்றி சுருங்கும். அந்தப் பிள்ளை அதைத் தன் கொட்டைக்குச் சொன்ன பதில் என்று எடுத்துக்கொண்டு, சரியாக வைத்ததைத் திரும்ப எடுத்துவிடுவாள். எத்தனை சரியான வரிசைகளை இப்படி என் முகத்தைப் பார்த்துக் கலைத்தாளோ. சபாஷ் என்று சொல்லிப் பார்த்தேன், தட்டிக்கொடுத்துப் பார்த்தேன். புகழ்ந்தால் இன்னும் அதிகமாக முகத்தைப் பார்த்தாள்.

அன்றைக்கு நீ வைத்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தினமும் நினைத்துக்கொண்டு வருவேன். சொன்னால் பிள்ளை மற்றவர்களிடம் சொல்லிவிடுவாளே, அது தலைமையாசிரியர் காதுக்குப் போகுமே என்று வாசலிலேயே விட்டுவிடுவேன். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு. இந்த இன்ஸ்பெக்டர் மாறட்டும். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். ஒரு பிள்ளை கண்ணால் பார்த்து உண்மையைச் சொல்லும்போது, சரி என்று சொல்ல முடியாத நிலை உங்களுக்கு வரலாம். தைரியசாலிகளுக்கு வராமல் போகலாம், எல்லோரும் தைரியசாலிகளாகப் பிறப்பதில்லை. அப்போது வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். மயக்கம் வந்த மாதிரி உட்காருங்கள். அழுதாலும் குற்றமில்லை. பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று பிள்ளை நினைத்துவிட்டுப் போகட்டும். அதிலிருந்து பிள்ளை தப்பித்துவிடும். தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கலைத்து வேறு வைத்துக் காட்டாதீர்கள்.

வீராயி மூன்றாம் வகுப்புக்குப் போனாள். பருத்தி வெடிக்கிற பருவத்தில் ஒரு மத்தியானம் அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வேலி ஓரம் நின்றாள். வீராயி கொஞ்சம் தள்ளி, காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றாள். நான் வெளியே போனேன்.

"டீச்சரம்மா, நாளையிலருந்து இவ வரமாட்டா. பருத்தி எடுக்க ஆளு கேக்குறாக."

"படிக்கிற பிள்ளைய நிறுத்தாத தாயி. மூணாவதாவது முடிக்கட்டும்."

"என்னத்தப் படிச்சா? எதக் கேட்டாலும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறா, மக்குப் பிள்ளைன்னு மூணாவது வாத்தியாரு சொல்லுறாரு. அவளும் அதத்தான் சொல்லுறா. எனக்கு எதும் சரியா வராது ஆத்தா, நான் பருத்திக்கே வாரேங்குறா."

அந்த வேலி ஓரத்தில் நின்றுதான் எனக்கு வாய் திறந்தது. இரண்டு வருஷமாக அடைத்திருந்ததை அந்த அம்மாளிடம் கொட்டினேன். "அவ மக்கு இல்ல. இன்ஸ்பெக்டர் வந்த அன்னிக்கு அவ வச்சதுதான் சரி. என் வேலை போயிருமேன்னு நான் பொய் சொன்னேன். அன்னையிலருந்துதான் பிள்ள இப்படி ஆயிட்டா" என்றேன். என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"தெரியும் டீச்சரம்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்குச் சாயங்காலமே வந்து, கொட்டைகளப் பரப்பிக்கிட்டு வாசல்ல உக்காந்துட்டா. கூட வர்ற மூணு பிள்ளைகளையும் கூப்புட்டு, நீ யாருக்குப் பின்னாடி நின்ன, நீ யாருக்குப் பின்னாடி நின்னன்னு கேட்டுக் கேட்டு வச்சா. ஆறு தடவ வச்சா. ஆறு தடவையும் மூணுக்கு ஒண்ணுதான் வந்துச்சு. 'சரியாத்தான ஆத்தா வருது'ன்னு என்னயக் கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

 அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்புடின்னேன். சரின்னு சொன்னா மறுநா உங்ககிட்ட வந்து கேப்பா. விடுற பிள்ளையா அவ? நாலு பேரு காதுல விழும். உங்களப் போகச் சொல்லிருவாக. நீங்க போயிட்டா எம் பிள்ளைக்குத் தண்ணி ஊத்த அங்க யாரு இருக்கா? அதான், டீச்சர் சொன்னாத் தப்புத்தான்டி, எந்திரின்னு நானும் கையால கலச்சு விட்டுட்டேன்."

நான் அந்த அம்மாளுடைய கையைப் பிடிக்கப் போனேன். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவள்தான் பின்னால் நகர்ந்தாள்.

வீராயியிடம் போனேன். அவள் உயரத்துக்குக் குனிந்து, "வீராயி, அன்னிக்கு நீ வச்சது சரி. மூணு குவளை, ஒரு கை. நீ தப்பா எண்ணல. நான்தான் தப்புச் சொன்னேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதில் என்ன தெரிந்ததோ, அது அவளுக்குப் போதவில்லை. திரும்பித் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

அதற்குப் பிறகுதான், "சரிங்க டீச்சர்" என்றாள்.